பிளஸ் ஒன் சேர்க்கை: மெக்கானிக்கல், கட்டடப் பிரிவுகளுக்குப் பெண் பிள்ளைகளை வரவைப்பது எப்படி?

தொழிற்கல்வி_வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தாகிவிட்டது, இனி பிளஸ் ஒன் சேர்க்கைதான். நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் பாடம் எடுக்கிறேன். அடிப்படை இயந்திரவியல், அடிப்படை கட்டடப் பொறியியல் என்று இரண்டு குரூப் எங்களிடம் இருக்கிறது. இருபாலர் பள்ளி. காலை பிரேயரில் நின்று பார்த்தால் பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகள்தான். ஒர்க்‌ஷாப் பக்கம் வந்தால் ஒருத்தி, இரண்டு பேர். சில வருடம் அதுவும் கிடையாது.

சேர்க்கை மேசையில் என்ன நடக்கிறது என்று பல வருடமாகப் பார்க்கிறேன். ஒரே மதிப்பெண்ணோடு பையனும் பெண்ணும் அடுத்தடுத்து வருவார்கள். பையனிடம் "மெக்கானிக்கல் எடுத்துக்கோடா, டிப்ளமா போகலாம்" என்பார்கள். பெண்ணிடம் "அக்கவுண்ட்ஸ் போம்மா, இல்லன்னா நர்சிங் இருக்கு" என்பார்கள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்பவர் கெட்டவர் இல்லை, அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார். ஆனால் "உனக்கு மெஷின் வேலை பிடிக்குமா?" என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் இந்தப் பிரிவு முட்டுச் சந்து இல்லை. பிளஸ் டூவில் தொழிற்கல்வி முடித்தால் சம்பந்தப்பட்ட டிப்ளமாவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பி.இ. கவுன்சிலிங்கில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கு 2 சதவீதம் தனி ஒதுக்கீடு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமும் இருக்கிறது. இதெல்லாம் பையன்களின் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரிகிறது, பெண் பிள்ளைகளின் வீட்டில் தெரிவதே இல்லை.

என்ன செய்தால் வருவார்கள்? அதைவிட முக்கியம், வந்தவர்கள் பாதியில் குரூப் மாற்றிக்கொண்டு போகாமல் இருக்க என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ரெண்டு_பொண்ணு_அம்மா

சார், நான் இன்னொரு பக்கத்திலிருந்து பேசுகிறேன். பெரியவள் இப்போதுதான் பத்தாவது முடித்தாள். வீட்டில் மிக்சி நின்றுபோனால் ஸ்க்ரூ டிரைவரோடு முதலில் உட்காருவது அவள்தான். ஆனால் மெக்கானிக்கல் குரூப் என்று சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

என் பயம் மெஷினைப் பற்றி இல்லை. பிராக்டிகல் முடிந்து எத்தனை மணிக்கு விடுவார்கள்? எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் சீக்கிரம் போய்விடும். நாற்பது பையன்களுக்கு நடுவே இவள் ஒருத்தி என்றால் யாரிடம் பேசுவாள்? ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வாள்? அப்புறம் படித்து முடித்து வேலை கொடுப்பார்களா, அல்லது "லேடீஸ் வேணாம்" என்று திருப்பி அனுப்புவார்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் நான் அனுப்பத் தயார். "பெண்கள் சாதிக்கலாம்" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம், அது எனக்குத் தெரியும். பஸ் நேரம் சொல்லுங்கள்.

---

தூக்குக்குண்டு

அம்மா கேட்ட கேள்விகள்தான் சரியான கேள்விகள். நான் சிவில் டிப்ளமா படித்து, இப்போது சைட் இன்ஜினியராக வேலை செய்கிறேன்.

வந்தவர்கள் ஏன் போய்விடுகிறார்கள் என்று வாத்தியார் கேட்டார். என் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். சர்வே பிராக்டிகலுக்கு ஆறு பேர் ஒரு பேட்ச். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அளவுகளை எழுதும் ஃபீல்டு புக் பெண்களான எங்களிடம் வந்துவிடும். மிச்சமிருக்கும் பெண் லெவலிங் ஸ்டாஃபை (அளவு குறித்த நீளக் கோலை) பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். கருவியில் கண் வைத்துப் பார்ப்பது பையன்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, முதல் நாள் யார் எங்கே நின்றார்களோ அதுவே செமஸ்டர் முழுக்கத் தொடர்ந்தது. குமிழை நடுவில் நிறுத்துவது, குறுக்குக் கம்பியில் ஸ்டாஃப் ரீடிங் எடுப்பது எல்லாம் கையும் கண்ணும் பழக வேண்டிய வேலை. எழுதி எழுதிப் பார்த்தால் வராது. எக்ஸாமில் தனியாகச் செய்யச் சொன்னபோது எங்கள் கை நடுங்கியது. "லேடீஸுக்கு இன்ஸ்ட்ருமென்ட் வராது" என்று பேச்சு வந்தது.

அடுத்த செமஸ்டரில் வந்த லெக்சரர் ஒரே ஒரு விதி போட்டார். ஸ்டேஷன், அதாவது கருவியை நிறுத்தும் இடம், மாறும்போதெல்லாம் ஆளும் மாற வேண்டும். கருவி, ஸ்டாஃப், நோட்டு என்று மூன்றையும் எல்லோரும் சுற்றி வர வேண்டும். யார் எடுத்த ரீடிங் என்று பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும், இல்லாவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து கிடையாது. அவ்வளவுதான் சார். செமஸ்டர் முடிவதற்குள் யாருக்கு வரும், யாருக்கு வராது என்ற பேச்சே காணாமல் போனது.

உங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் இதைப் பாருங்கள். லேத்தில் (கடைசல் மெஷினில்) ஜாப் போடுவது யார், அளவைக் குறித்துக்கொள்வது யார்? கலவை குழைப்பது யார், தண்ணீர் மொண்டு தருவது யார்?

---

கேள்வி_கேட்பவன்

மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. விருப்பம் இல்லாதவர்களை ஏன் இழுக்க வேண்டும்? கதவு திறந்துதான் இருக்கிறது, வர நினைப்பவர்கள் வரட்டும். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தால் நிஜமாகவே ஆசைப்படும் ஓர் ஏழைப் பையனின் சீட் போகும். நர்சிங் குரூப்பில் பையன்கள் குறைவு என்று யாராவது கவலைப்படுகிறார்களா?

---

தொழிற்கல்வி_வாத்தியார்

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. நர்சிங்கில் பையன்கள் சேர்ந்தால் நான் மகிழ்ச்சியடைவேன், அங்கும் இதே அரை நிமிட அறிவுரைதான் நடக்கிறது.

சீட் விஷயத்தில் மட்டும் உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவுகளில் இடங்கள் நிரம்புவதே பெரும்பாடு. 1978-இல் பிளஸ் டூ வந்தபோது கூடவே வந்த பிரிவு இது. இன்று ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடம் காலியாகவே கிடந்து, கடைசியில் குரூப்பையே மூடிவிடும் பள்ளிகள் இருக்கின்றன. பெண் பிள்ளைகள் வந்தால் யாருடைய இடமும் பறிபோகாது. குரூப் பிழைக்கும்.

இடத்துக்குப் போட்டி உள்ள ஐ.ஐ.டி.யில்கூட யாருடைய சீட்டையும் எடுக்கவில்லை. 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்கிச் சேர்த்தார்கள், இருந்த இடங்கள் அப்படியே இருந்தன.

---

தூக்குக்குண்டு

"விருப்பம் இல்லாதவர்கள்" என்று கேள்வி கேட்பவர் எழுதியதற்கு ஒரு வார்த்தை. ஒரு பொருளை ஒருமுறைகூடக் கையில் எடுத்துப் பார்க்காதவளுக்கு அதில் விருப்பம் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும் அண்ணா? பையனுக்குச் சைக்கிள் கடை, பஞ்சர் கடை, மாமாவோடு வயரிங் வேலை என்று பத்து வயதிலிருந்தே கை பழகுகிறது. பிளஸ் ஒன் ஃபாரத்தில் அவன் டிக் அடிப்பது தெரிந்த ஒன்றை. அவள் டிக் அடிக்க வேண்டியது தெரியாத ஒன்றை.

---

சேலம்_மேஸ்திரி

நான் படித்தவன் இல்லை, இருந்தாலும் சொல்லணும். முப்பது வருஷமா கட்டட வேலை. பொம்பளைக்குக் கட்டட வேலை வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எந்த சைட்டில் பொம்பளை இல்லை? செங்கல் சுமப்பது, ஜல்லி அள்ளுவது, கலவைச் சட்டியோடு சாரத்தில் ஏறுவது எல்லாம் யார்? சித்தாள்தானே. வேலையில் கஷ்டமான பாதியை அவர்கள்தான் செய்கிறார்கள்.

ஆனால் சித்தாளாகச் சேர்ந்த பையன் ரெண்டு வருஷத்தில் கரண்டி பிடிப்பான், நாலு வருஷத்தில் கொத்தனார். சித்தாளாகச் சேர்ந்த பொம்பளை இருபது வருஷம் கழித்தும் சித்தாள். கூலியும் அப்படித்தான். பக்கத்தில் நின்று இத்தனை வருஷம் பார்த்ததில் அவர்களுக்குக் கலவைப் பதம் எங்களைவிட நன்றாகவே தெரியும். மணல் ஈரமாக இருந்தால் தண்ணீரைக் குறைக்கணும் என்று யாரும் சொல்லாமலே குறைப்பார்கள். கரண்டியைக் கையில் யாரும் கொடுப்பதில்லை, அது ஒன்றுதான் குறை.

என் சைட்டில் ஒரு அம்மாவுக்கு நான் பூச்சு வேலை பழக்கினேன். முதலில் பாத்ரூம் உள்பக்கம், வெளியே தெரியாத இடம். மட்டப்பலகை போட்டு இழுத்து, மணியாசு கட்டை தேய்த்து அவர் முடித்த சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு ஓனர் வந்து "என் வீட்டை வெச்சா பழக்குறீங்க?" என்று கேட்டார். முதல்முறை கரண்டி பிடித்த பையனைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டதில்லை.

---

பழைய_கிண்டி

மேஸ்திரி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன்.

சம ஊதியச் சட்டம் வந்தது 1976-இல். சித்தாள் கூலிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை என்பது மேஸ்திரி சொன்னதிலிருந்து தெரிகிறது. கொத்தனார் வேலையைப் பொறுத்தவரை, ஜார்க்கண்டில் கிராமப்புறக் கழிப்பறைகள் கட்டப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஊர்க்காரர்களே அவர்களை "ராணி மிஸ்திரி" என்று அழைக்கிறார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் திட்டத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து முழு வீடே கட்டித் தருகிறார்கள். எனவே ஓனர்களின் பயம் மாறக்கூடியதுதான்.

இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஏ.லலிதா என்ற பெண் மின் பொறியியல் சேர்ந்தார். 18 வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். அவர் முயற்சியால் மகளுக்கு இடம் கிடைத்தது. லலிதாவுக்குப் பின்னால் பி.கே.திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இரண்டு பேர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். அவர்களுடைய பட்டச் சான்றிதழில் அச்சிட்டிருந்த ஆண்பாலை அடித்துவிட்டுப் பேனாவால் பெண்பாலில் திருத்திக் கொடுத்தார்கள். அச்சடித்தவர்களுக்குப் பெண் ஒருத்தி வருவாள் என்ற நினைப்பே இருந்திருக்கவில்லை. லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வடிவமைப்பில் வேலை செய்தார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தப் பெயர்களை வாத்தியார் ஒர்க்‌ஷாப் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

அம்மாவுக்கு: பெண்களுக்கென்றே அரசு பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன. சென்னை தரமணியில் டாக்டர் தர்மாம்பாள் பெயரில் ஒன்று, கோவையில், மதுரையில் என்று உண்டு. "நாற்பது பையன்களுக்கு நடுவே ஒருத்தி" என்ற பிரச்சினை அங்கே இல்லை. டிப்ளமா சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கிடைத்தால் வருடத்துக்கு 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். உங்களுக்கு இரண்டு பெண்கள் என்பதால் சொல்கிறேன்.

---

தூக்குக்குண்டு

ஐயா, லலிதா அம்மா கதை எனக்கு மிகவும் பிடிக்கும். எழுதி வைக்க வேண்டியதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு என் ஊரில் ஒருத்தி சிவில் சேருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அடுத்த தெரு அக்கா ஹெல்மெட்டோடு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய், ஒன்றாம் தேதி சம்பளத்தை அம்மாவிடம் கொடுப்பதைப் பார்த்தால் சேருவாள். எனக்குப் பின்னால் எங்கள் தெருவில் இரண்டு பேர் சிவில் எடுத்தார்கள். நான் யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை.

---

யாழ்_தொழில்நுட்ப_ரீச்சர்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் விவாதத்தை வாசிக்க எங்கள் பாடசாலையைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது.

இலங்கையில் 2013 இல் க.பொ.த. உயர்தரத்தில் (உங்கள் பிளஸ் டூ போல) தொழில்நுட்பப் பிரிவு தொடங்கினார்கள். அதில் பொறியியல் தொழில்நுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் என்று இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். முதலாவதில் கட்டடம், மின், இயந்திரம் எல்லாம் வரும். இரண்டாவதில் விவசாயம், உணவு என்று வரும். வாசல் ஒன்றுதான், உள்ளே வந்த பிறகு பெடியள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் மற்றப் பக்கம் பிரிந்து போகிறார்கள். புதுப் பிரிவு, புது ஆய்வுகூடம், பழைய பழக்கம் மட்டும் மாறவில்லை.

எனக்குப் பலன் தந்தது ஒன்று. அதற்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த கையோடு பெற்றோரைக் கூப்பிட்டு, பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிற எங்கள் பழைய மாணவி ஒருவரைப் பேச வைத்தேன். டி.ஓ. என்றால் எங்கள் சனத்துக்கு விளங்கும். வீதி அளக்க வருவா, வீட்டு பிளான் பாஸ் பண்ண வருவா, அரச உத்தியோகம். அம்மாமார் கேட்ட கேள்வி முழுக்க அந்தப் பிள்ளையிடம்தான், என்னிடம் இல்லை. "மோட்டார் சைக்கிளில் தனியப் போறனீங்களோ, மழை வந்தால் என்ன செய்வீங்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிய, ஐந்து பிள்ளைகள் ஒன்றாகப் பொறியியல் பக்கம் வந்தார்கள். ஒன்றாக வந்தபடியால்தான் நின்றார்கள் என்று நினைக்கிறேன். முன்னர் ஒவ்வொருவராக வந்தவர்கள் முதல் தவணையோடு பாடம் மாறினவர்கள்.

---

தொழிற்கல்வி_வாத்தியார்

ரீச்சர், மிக்க நன்றி. நீங்கள் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பெரிய துப்பு. ஒருத்தியைச் சேர்ப்பது அவளைத் தனிமைக்கு அனுப்புவது போலத்தான். சேர்த்தால் நான்கைந்து பேராகச் சேர்க்க வேண்டும். இந்த வருடம் தோழிகளாகச் சேர்ந்து வரும் பிள்ளைகளிடம் பேசப் போகிறேன்.

இங்கேயும் அந்த டி.ஓ. வேலைக்கு இணை உண்டு. ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சீயர், வரைவாளர் பணிகளுக்கு சிவில் டிப்ளமா போதும். அரசுப் பணியில் பெண்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு எங்கள் ஒன்றியத்தில் வேலை செய்யும் பெண் ஓவர்சீயரை அழைத்து வரப் பார்க்கிறேன்.

அம்மா, உங்கள் பஸ் கேள்விக்கு என் பதில்: பிராக்டிகல் வகுப்புகளை மதியக் கடைசிப் பீரியடில் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டைம்டேபிள் போடும்போதே கேட்டால் காலைப் பீரியடுகளுக்கு மாற்றலாம். எங்கள் பள்ளியில் கேட்டிருக்கிறேன், தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். உங்கள் மகள் சேரும் பள்ளியிலும் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள்.

---

ஃபிட்டர்_பொண்ணு

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். சின்ன விஷயங்கள்தான், ஆனால் யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

ஒன்று, டிரெஸ். சுடிதார் யூனிஃபார்மில் துப்பட்டாவோடு லேத் முன்னால் நிற்கக் கூடாது. ஜாப்பைப் பிடித்திருக்கும் சக் சுற்றும்போது துணியின் நுனி மாட்டினால் இழுத்துவிடும். தொங்குகிற ஜடையும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இதையே காரணமாகச் சொல்லிப் பெண்களை மெஷின் பக்கம் விடாமல் சும்மா உட்கார வைத்தார்கள். பையனின் லூஸ் சட்டைக்கும் அதே ஆபத்து இருக்கிறது, அவனுக்குக் காக்கி ஓவர்கோட் கொடுத்தார்கள். எங்களுக்கும் பட்டன் போட்ட ஓவர்கோட், தலைக்குத் தொப்பி கொடுத்தால் முடிந்தது. வாத்தியார் சார், உங்கள் பள்ளியில் ஓவர்கோட் சின்ன சைஸில் இருக்கிறதா பாருங்கள். சேஃப்டி ஷூவும் அப்படித்தான். ஸ்டோரில் 7-ஆம் நம்பரிலிருந்துதான் வைத்திருப்பார்கள். பெரிய ஷூ போட்டுக்கொண்டு இடறி விழுந்தால் "பொண்ணுங்க கவனமா இல்ல" என்பார்கள்.

இரண்டு, பாத்ரூம். ஒர்க்‌ஷாப் வழக்கமாகப் பள்ளியின் கடைசி மூலையில் இருக்கும், பெண்கள் பாத்ரூம் மெயின் பில்டிங்கில். போய்வரப் பத்து நிமிஷம் ஆகும் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ஒன்று சொல்லணும். வேலை கொடுப்பார்களா என்று கேட்டீர்கள். எங்கள் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ், ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகள் பெண்களை நிறைய எடுக்கிறார்கள், ஓசூர் பக்கமும் அப்படியே. ஆனால் நிறையப் பேரை அசெம்பிளி லைனில் நிற்க வைக்கத்தான் எடுக்கிறார்கள். டிரேடு படித்திருந்தால்தான் மெயின்டனன்ஸ், டூல் ரூம் பக்கம் போக முடியும், அங்கேதான் வேலை நிலைக்கும். அதனால் உங்கள் பெண் மெக்கானிக்கல் படிப்பதே நல்லது. அரசு ஐ.டி.ஐ. என்றால் மாதம் 750 ரூபாய், பஸ் பாஸ் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் பிளஸ் டூவுக்குப் பிறகு டிப்ளமாவோ ஐ.டி.ஐ.யோ சேரும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

---

ரெண்டு_பொண்ணு_அம்மா

எல்லோருக்கும் நன்றி. நைட் ஷிஃப்ட் பற்றியும் கேட்க வேண்டும். பெண்களை ராத்திரி வேலைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாக இவள் அப்பா சொல்கிறார்.

---

பழைய_கிண்டி

இருந்தது அம்மா. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் 66-ஆம் பிரிவு. அது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்து அந்தத் தடையை நீக்கியது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை போன்ற ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. எனவே ஒரு நிறுவனம் "சட்டம் இடம் கொடுக்காது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். வேன் உண்டா, எந்தத் தெரு வரை வரும் என்று கேளுங்கள்.

---

கேள்வி_கேட்பவன்

பாத்ரூம், ஷூ, டைம்டேபிள் பற்றியெல்லாம் நான் யோசித்ததே இல்லை. இவை சரியாக இல்லாதபோது "கதவு திறந்திருக்கிறது" என்று சொல்வது பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கை இலக்கு வைப்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இலக்கு வைத்தால் பெயருக்கு ஐந்து பேரைச் சேர்த்துக் கணக்குக் காட்டுவார்கள்.

---

தொழிற்கல்வி_வாத்தியார்

அந்த ஆபத்து உண்மைதான். அதனால்தான் சேர்க்கை எண்ணிக்கையைவிட, பிளஸ் டூ பிராக்டிகல் தேர்வுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பார்ப்பேன் என்கிறேன்.

மேஸ்திரி ஐயா, உங்களிடம் ஓர் உதவி. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும், ஆண் பெண் என்று பிரிக்காமல், ஒரு நாள் கட்டட ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்து வந்து கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஃபாரம் நிரப்பும் முன் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், சிவில் படித்த தங்கை தூக்குக்குண்டு சொன்னது போல. தூரம் ஒத்து வந்தால் நீங்கள் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா? வர முடியாவிட்டால் எப்படிச் செய்வது என்றாவது எழுதுங்கள்.

---

சேலம்_மேஸ்திரி

ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வருகிறேன். நான் பூச்சு பழக்கினேன் என்று சொன்னேனே, அந்த அம்மாவையும் கூட்டி வருகிறேன். கற்றுக்கொடுப்பது அவர், நான் கூட நிற்கிறேன். அவருக்கு அன்றைய கூலியைக் கொத்தனார் கூலியாகப் பள்ளி கொடுக்கணும், அது மட்டும் நிபந்தனை.

செங்கல் நூறு போதும், அரைச் செங்கல் பரவாயில்லை. சிமெண்ட் வாங்காதீர்கள். செம்மண்ணைக் குழைத்து வைத்துக் கட்டச் சொல்லுங்கள். சாயங்காலம் பிரித்துக் கழுவி வைத்தால் அடுத்த நாள் அடுத்த வகுப்பு அதே கல்லில் கட்டலாம். நூல், தூக்குக்குண்டு, மூலமட்டம் நான் கொண்டு வருகிறேன். கரண்டி மட்டும் சின்னதாக ஆறேழு வாங்கி வையுங்கள், பெரிய கரண்டி புதுக் கைக்கு மணிக்கட்டு வலிக்கும், பையனுக்கும்தான்.